தட்டு திரும்பி வந்ததைப் பார்த்தவள்



டிப்ரஷன் என்ற பேரைக் கேள்விப்படாத மாணவர் இந்தக் கூட்டத்தில் உண்டா? இல்லை. அதன் அறிகுறி என்ன என்று கேளுங்கள், "அழுதுகிட்டே இருப்பாங்க" என்பார்கள். அழாமலும் வருமே அய்யா! ஆசையாய்ச் செய்த வேலையில் மனம் ஒட்டாது. விடியுமுன் விழிப்புத் தட்டும், இல்லையென்றால் பகலெல்லாம் படுக்கை. சோறு இறங்காது. படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிப்பான். 'எல்லாருக்கும் நான் பாரம்' என்று தோன்றும். இவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் அது சோம்பல் அல்ல, நோய்! 2015-16 தேசிய மனநல ஆய்வைப் பாருங்கள். பெரியவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வந்திருக்கிறது.

இதே குற்றாலத்தில் ஒரு விடுதி. சீசன் தொடங்கி, பிள்ளைகள் எல்லாம் ஐந்தருவிக்குக் கிளம்ப, ஒருத்தி மட்டும் தலைவலி என்று சுருண்டு கிடந்தாள். "சீன் போடுறா" என்றார்கள் தோழிகள். சமையல்கார அக்கா ஒருத்திதான் கவனித்தாள், இவள் தட்டு நாள்கணக்காய் அப்படியே திரும்பி வருகிறதே என்று. பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, ஒனக்கு என்ன செய்து?" என்று கேட்டாள். கையைப் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப் போனாள். அந்தப் பிள்ளை இன்று வேலைக்குப் போகிறாள்! அக்கா பேரை நான் சொல்ல மாட்டேன், அவள் கேட்டுக்கொண்டது அது.

ஆனால் ஊர் ஊராய் மேடையேறி, "மனஉறுதி இருந்தால் மனநோய் வராது" என்று முழங்குகிறார்களே சிலர்! கைதட்டை வாங்கிக்கொண்டு நீங்கள் காரில் ஏறிவிடுகிறீர்கள். கேட்ட பிள்ளையோ, 'அப்போ குறை என்னிடம்தான்' என்று அறைக்குள் போய்த் தாழ் போடுகிறான். யார் பொறுப்பு? அருவியில் தலையைக் காட்டினால் சித்தம் தெளியும் என்று நம்பிய ஊர் இது. அந்த மாதிரி நம்பிக்கையில் கொண்டுபோய் விடப்பட்டவர்கள்தான் 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்தார்கள். 28 உயிர்! அதற்குப் பிறகுமா இந்தப் பேச்சு?

2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, டெலி மனாஸ். இரவு பகல் பாராமல் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசில்லை. விடுதிக் கதவில் எழுதுங்கள், கேண்டீன் சுவரில் எழுதுங்கள். முன்வரிசையில் இருக்கும் கல்லூரி முதல்வர்களே, கல்லூரித் தரத்தை மதிப்பிடும் குழு வருகிற அன்று மட்டும் திறக்கிற ஆலோசனை அறை எங்களுக்கு வேண்டாம். தினமும் திறந்து வையுங்கள். சாவியை அந்தச் சமையல்கார அக்காவிடம் கொடுங்கள்!