ஜெபித்துக்கொண்டே புறப்படுங்கள்

(சுகமளிக்கும் ஊழிய ஞாயிறு ஆராதனையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



 நம் மருத்துவமனை ஊழியத்தை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் உங்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். இன்று நாம் தியானிக்கும் பொருள் மாரடைப்பு. இருதயப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களோடு அமர்ந்து ஜெபிப்பது ஆயர்களாகிய எங்கள் அன்றாட வேலை. அங்கே நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் வார்த்தை இதுதான்: "வாயுப் பிடிப்பு என்று நினைத்துவிட்டோம், ஐயரே."

உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இருதயத்துக்கும் இரத்தம் வேண்டும். கரோனரி தமனிகள் என்னும் குழாய்கள் அதைக் கொண்டுவருகின்றன. அவற்றின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கிறது. அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அதற்கு அப்பாலுள்ள தசை மடியத் தொடங்குகிறது. மடிந்த இருதயத் தசை மறுபடி வளர்வதில்லை. ஆகவே இந்த நோயில் நேரமே உயிர்.

அறிகுறிகளைக் கவனியுங்கள். நடு நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோன்ற அழுத்தம் அல்லது இறுக்கம். அது கை, தோள், கழுத்து, தாடை, முதுகு, மேல்வயிறு ஆகிய இடங்களுக்குப் பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், தலைசுற்றல் கூடவே வரலாம். சிலருக்குச் சில நாட்களுக்கு முன்பே, மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விட்டுவிடும். அதுவும் எச்சரிப்பே. பெண்கள், முதியோர், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வருவதுண்டு.

ஆலயப் பண்டிகையின் அசனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு சகோதரிக்குத் தாடை வலித்தது. சேலை நனைய வியர்த்தது. "பந்தி முடியட்டும்" என்றார். பிறகு சோடா குடித்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில்தான் அவரை நம்மிடம் கொண்டுவந்தார்கள். தேவகிருபையால் பிழைத்தார். ஆனால் இருதயம் பலவீனப்பட்டுப்போனதால், தாம் பெருக்கிக் கோலமிட்ட ஆலயத்தின் படிகளை இன்று அவரால் ஏற முடியவில்லை.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? வேலையை நிறுத்தி உட்காருங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதிருங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவரானால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், மருத்துவர் சொல்லும்வரை வீடு திரும்பவேண்டாம்.

1988-ல் வெளியான 'ஐசிஸ்-2' ஆய்வில் 17,187 நோயாளிகள் பங்குபெற்றார்கள். ஆஸ்பிரினும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் பெறாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் நூற்றுக்கு 13 பேர் மரித்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் 8 பேர். இன்று அடைப்பை நேரடியாகத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியும் உண்டு. எந்தச் சிகிச்சையானாலும், சீக்கிரம் வந்தவருக்கே பலன் அதிகம்.

"ஜெபித்தால் போதாதா?" என்று சில விசுவாசிகள் கேட்கிறார்கள். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு மரணத்துக்கு ஏதுவாயிருந்தபோது கண்ணீரோடு ஜெபித்தார். தேவன் அவருடைய ஆயுசில் 15 வருஷம் கூட்டினார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசிதான் அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் போடவும் சொன்னார். ஜெபத்தையும் மருந்தையும் தேவன் ஒரே ஊழியக்காரர் வாயிலாகவே கொடுத்தார். நாம் ஏன் அவற்றைப் பிரிக்கவேண்டும்? ஆம்புலன்சிலும் ஜெபிக்கலாம், அங்கேயும் ஆண்டவர் கேட்கிறார்.

அன்பானவர்களே, புகையிலையை விட்டுவிடுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இந்த அறிகுறிகளை எழுதி உங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பணமில்லையே என்று தயங்கி வீட்டிலேயே கிடப்பவர்களும் நேரத்தோடு வந்துசேர உங்கள் காணிக்கை வழிதிறக்கிறது. சிகிச்சையளிக்கும் மருத்துவர்களுக்காகவும், இரவு விழித்திருக்கும் செவிலியருக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள்.

ஆண்டவர்தாமே உங்கள் இருதயங்களையும் உங்கள் இல்லங்களையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.