பட்டியலையாவது திறந்து வைப்போம்



சந்தா கட்டாதவருக்கு நம் வாசிகசாலையில் நூல் இரவல் இல்லை. நியாயமே. ஆனால் இன்ன நூல் இங்கே உண்டா என்று பட்டியலைப் புரட்டவும் விடமாட்டோம் என்பது என்ன நியாயம்? சென்ற மாதம் பழைய மலரொன்றைத் தேடி வந்த மாணவி படலையோடு திரும்பினாள். அம்மலர் நம் அலுமாரியிலேயே இருந்தது!

1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்து இலவசமாக நூல் வழங்கத் தொடங்கினார். யாழ்ப்பாணப் பொது நூலகம் அதிலிருந்து வளர்ந்ததே. 1981 ஜூனில் அங்கே ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. 2005இல் தோன்றிய 'நூலகம்' இணையத்தளத்திலோ சந்தாவுமில்லை, அங்கத்துவமுமில்லை. கோப்பாய்ப் பிள்ளையும் கனடாப் பேரனும் ஒருங்கே தேடலாம்.

ஆகையால், பட்டியலின் பிரதியொன்றை வாயில் மேசையில் வைக்குமாறு நிர்வாக சபையாரை வேண்டுகிறோம். இரவல் விதி இருந்தபடியே இருக்கட்டும்.