மரம் வீழ்ந்த பின் தீர்ப்பு எதற்கு?



ஓர் உரிமையைப் பறிப்பதற்கு அதனைச் சட்டப் புத்தகத்திலிருந்து அழிக்க வேண்டுமென்பதில்லை. நீதிமன்றத்தின் வாயிலைக் குறுக்கிவிட்டாலே போதும். அமெரிக்காவின் பொதுக் காடுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டின் பொதுக் காடுகளிலுள்ள மரங்களை அரசாங்கம் விற்பனை செய்கிறது. விற்பனை சட்டத்துக்கு மாறானதெனக் கருதும் குடிமக்கள் வழக்குத் தொடரலாம். ஒறிகன், வாஷிங்டன் மாநிலங்களில் புள்ளி ஆந்தை வாழும் முதுகாடுகளைக் காக்க இவ்வாறே வழக்குகள் எழுந்தன. 1989இல் காங்கிரஸ், ஒரு செலவினச் சட்டத்தின் 318ஆம் பிரிவிலே நிலுவையிலிருந்த இரு வழக்குகளைப் பெயர் சுட்டியே குறிப்பிட்டது. இப்பிரிவின்படி நடந்தால், அவ்வழக்குகளுக்கு ஆதாரமான சட்டங்களின் தேவைகள் நிறைவேறியதாகும் என விதித்தது. காங்கிரஸ் வழக்கைத் தீர்க்கவில்லை, சட்டத்தையே மாற்றியது என்று கூறி, அதியுயர் நீதிமன்றம் 1992இல் அதனை ஏகமனதாக ஏற்றது.

பின்னர், 1995 யூலை 27இல் ஜனாதிபதி கிளின்டன் ஒப்பமிட்ட செலவுக் குறைப்பு, அனர்த்த நிவாரணச் சட்டத்தோடு, பழுதுற்ற மர விற்பனை பற்றிய பிரிவொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. விற்பனை விளம்பரம் வெளிவந்து 15 நாட்களுக்குள் வழக்கிட வேண்டும். இடைக்காலத் தடையுத்தரவு வழங்கலாகாது. நிர்வாக மேன்முறையீடு இல்லை. சுற்றாடற் சட்டங்கள் ஏட்டில் அப்படியே இருந்தன. ஆனால் அவை நிறைவேற்றப்பட்டதாகவே கொள்ளப்பட்டன!

தீயும் பூச்சியும் தாக்கிய மரம் விரைவிலே பழுதாகும், தொழிலாளருக்கு வேலை வேண்டும் என்றனர் ஆதரித்தோர். அதில் நியாயமில்லாமல் இல்லை. ஆயின் அச்சட்டம், இனித் தாக்கப்படக்கூடிய மரங்களையும் அவற்றைச் சார்ந்து நிற்கும் மரங்களையும் தன்னுள் அடக்கிற்று. பச்சை மரத்தையும் கோடரி எட்ட வழி பிறந்தது.

கமக்காரப் பெருமக்களே, எல்லையில் நிற்கும் பனை யாருக்குரியது என்னும் வழக்கு முடியுமுன்னரே அது தறிக்கப்பட்டுவிட்டால், வென்றவனுக்கு நட்டஈடு கிடைக்கலாம், பனை கிடைக்குமா? தடையுத்தரவு என்பது வழக்கறிஞரின் தந்திரமன்று. தீர்ப்புக்குப் பொருள் இருக்கும்படி வழக்குப் பொருளைக் காத்து வைக்கும் வேலி அது.

அந்தப் பிரிவு 1996 டிசம்பர் 31இல் காலாவதியாயிற்று. அதன் கீழ் வீழ்ந்த முதுமரங்கள் மீளவில்லை.

ஆதலால், எந்தச் சட்டமூலம் வரினும், அது அளிக்கும் உரிமைகளை மட்டும் படித்து மகிழ்ந்துவிடாதீர்கள். வழக்கிட எத்தனை நாள், தடையுத்தரவு கேட்க இடமுண்டா, எவை நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்பவற்றையும் தேடிப் படியுங்கள். உரிமையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.