தலைக்கணக்குப் பார்க்காத சட்டம்



இந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று அழைப்பு வந்தபோது பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் உதறலாகவும் இருந்தது. முன்வரிசையில் இருப்பவர்களில் பாதிப் பேர் என் கட்டுரைகளுக்கு மறுப்பு எழுதியவர்கள். மீதிப் பேர் இன்று மாலைக்குள் எழுதிவிடுவார்கள்.

‘உள்ளாட்சியும் பணியிடப் பாதுகாப்பு ஆய்வின் தரமும்’ என்பது மாநாட்டுத் தலைப்பு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பிறகு 1987இல் அதில் வந்த திருத்தம், பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் எல்லாம் நீங்கள் கரைத்துக் குடித்தவை. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே, ஜூலை மாதங்களில் அடுத்தடுத்துக் கொதிகலன்கள் வெடித்ததையும், கடலூர் சிப்காட் பூச்சிமருந்து ஆலையில் 2021 மே 13 அன்று நடந்த விபத்தையும் பற்றிப் பேசத் தகுந்தவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் பேசட்டும். சிதம்பரத்துக்கு வரும் வழியில் பண்ருட்டியைத் தாண்டித்தான் பலரும் வந்திருப்பீர்கள். நான் அங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

அங்கே முந்திரி உடைக்கிற பெண்களின் கைகளைப் பாருங்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்திருக்கும், உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கும். சாம்பலைத் தடவிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுவார்கள். மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்பது 1948இன் கணக்கு. தொகுப்புச் சட்டத்தில் அது 20, 40 என்று ஏறிவிட்டது. ஆகவே, வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு நடக்கும் சிறு கூடங்களில் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் வேலையில்லை. வாசல்படி ஏற வாய்ப்புள்ள ஒரே அரசு ஆள், டி அண்ட் ஓ லைசென்ஸ், அதாவது ஆபத்தான, தொல்லைதரும் தொழில்களுக்கான உரிமம், விஷயமாக வருகிற உள்ளாட்சிக்காரர்தான். மோட்டார் எத்தனை குதிரைத்திறன், கட்டணம் கட்டியாயிற்றா என்று பார்ப்பார். கையைப் பார்க்கச் சொல்லி அவர் படிவம் கேட்பதில்லை.

வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர், உள்ளாட்சிக்கும் தொழிலாளர் உடல்நலத்துக்கும் சட்டப்படி என்றைக்குமே தொடர்பு இருந்ததில்லை என்று தொடர்ந்து எழுதிவருகிறார். நல்ல தமிழில் எழுதுகிறார். அதனால் பலர் நம்பிவிட்டார்கள். 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை அவர் ஏனோ தொடவே இல்லை. குட்டை, சாக்கடை, குப்பைக் குவியல் என்று தொல்லைகளைப் பட்டியலிடும் அந்தச் சட்டம், காற்றோட்டம் இல்லாத, சுத்தமில்லாத, வேலை செய்கிறவர்களின் உடல்நலம் கெடும்படி நெரிசலான பணியிடத்தையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அது தலைக்கணக்குப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்ட எவரும் சுகாதார அதிகாரியிடம் போய்ச் சொல்லலாம்.

செத்துப்போன சட்டம் என்பார் நண்பர். 2020இல் முகக்கவசம் போடாதவர்களிடம் 200 ரூபாய் அபராதம் வாங்க, அரசு இதே சட்டத்தைத்தான் திருத்தியது. அபராதத்துக்கு உயிரோடு இருந்த சட்டம் முந்திரிக் கொட்டகைக்கு மட்டும் எப்படிச் செத்தது?

சுகாதார ஆய்வாளர் கொதிகலனின் வால்வைச் சோதிக்க முடியுமா என்று அடுத்த கேள்வி வரும். முடியாது, அவரைச் சோதிக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் 1987 திருத்தம் கொண்டுவந்த 41பி பிரிவு என்ன சொன்னது? அபாயகரமான ஆலை தன்னுடைய ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் தலைமை ஆய்வாளருக்கும் மட்டுமல்ல, அந்த எல்லைக்குட்பட்ட உள்ளாட்சிக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. 2025 மே மாதம் கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டில் சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தத் தொட்டியைப் பற்றி ஊராட்சிக்கு முன்கூட்டி என்ன தாள் வந்தது என்று கேட்கும் கட்டுரை ஒன்றுகூட நம் நிரலில் இல்லை. தேர்வுக் குழுவில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

அதே சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004 முதல் எந்தத் தேதியில், எந்த நேரத்தில், என்ன வாடை அடித்தது என்று குறித்துவைத்தார்கள். பக்கெட்டில் காற்று மாதிரியும் பிடித்தார்கள். ராத்திரி வாடையைப் பகல் ஆய்வு பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஆய்வேடுகளில் இவர்கள் ‘தகவலாளிகள்’. என்னைக் கேட்டால், ஆய்வின் தரம் என்றால் என்ன என்று நமக்குக் காட்டியவர்களே அவர்கள்தான்.

ஆய்வாளர் போதவில்லை என்ற கட்சியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. படிவத்தில் காற்றுவழிக்கும் கையுறைக்கும் கழிப்பறைக்கும் ஒரு கட்டம் போடாதவரை, இரண்டு மடங்கு பேர் போய் அதே குதிரைத்திறனை எண்ணிக்கொண்டு வருவார்கள்.

நண்பரின் மறுப்புக்கு நாளைக் காலை அமர்வில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தை என் செலவிலேயே நகலெடுத்து அவர் நாற்காலியில் வைத்திருக்கிறேன். இரவுக்குள் படித்துவிட்டு வரட்டும், மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.