டைல்ஸ் போடும் முன் ஒரு கணக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டம் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டார். நான் வேளாண்மை படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

நம் தெருக்களில் பெரும்பாலான மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. வீடும் கார் நிற்கும் இடமும் போகச் சுமார் 800 சதுர அடி மண்ணாக இருக்கும். இந்த ஆண்டு பல வீடுகளில் அதையும் டைல்ஸால் மூட ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "சேறாகிறது, சருகு கூட்ட முடியவில்லை, முதுகு வலிக்கிறது" என்கிறார்கள். நியாயமான காரணங்கள்தான். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது.

ஆனால் பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும். 800 சதுர அடி என்பது 74 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு அந்த இடத்தில் 740 லிட்டர் தண்ணீர் விழுகிறது. மண்ணாக இருந்தால் பெரும்பகுதி உள்ளே இறங்கும். டைல்ஸாக இருந்தால் தெருவுக்கு ஓடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்ததையும் சென்னையில் இருக்கும் நாம் மறக்க முடியாது. எனவே நடப்பதற்கு மூன்றடிப் பாதை மட்டும் போடுங்கள். மீதி மண்ணில் சாப்பிடக்கூடியதை வையுங்கள்.

செடி வாங்குமுன் ஒரு தாளில் வீட்டை வரைந்து, திசையைக் குறியுங்கள். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடபக்கம் வீட்டு நிழலிலேயே கிடக்கும். சித்திரை நடுவிலிருந்து ஆடி முடிய உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்து விழும். ஆண்டு முழுக்க வெயில் படும் இடத்தில் முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை, கத்தரி, வெண்டை. பாதி நிழலில் மஞ்சள், இஞ்சி, வெற்றிலை, கற்பூரவல்லி. பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய் இருக்கும், அது வேண்டாம். குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம் வாழை வைக்கலாம். அந்தத் தண்ணீரைக் கீரைப்பாத்திக்கு மட்டும் விடாதீர்கள். செப்டிக் டேங்க் அருகே கிழங்கு வகை எதுவும் கூடாது.

இனி முதலீடு. எலுமிச்சை, கறிவேப்பிலை இரண்டும் பிக்சட் டெபாசிட் மாதிரி. எலுமிச்சை காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். கறிவேப்பிலையும் முதல் ஓரிரு ஆண்டு மெதுவாகத்தான் வளரும். எனவே அவற்றை முதலில் நட்டுவிடுங்கள். எலுமிச்சைக்கு முள் உண்டு. நடைபாதையை ஒட்டி வேண்டாம். வாழை, அவரைப் பந்தல் போன்றவை ஆர்.டி. ஆடியில் விதைத்த அவரை மார்கழி, தையில் கைகொடுக்கும். சிறுகீரையும் அரைக்கீரையும் சேமிப்புக் கணக்கு. ஒரு மாதத்திலேயே எடுக்கத் தொடங்கலாம். வாரம் ஒரு பாத்தி என்று பிரித்து விதைத்தால் ஒரேயடியாக முற்றிப்போகாது.

முருங்கைக்கு ஒரு வார்த்தை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 செடிமுருங்கை விதைத்த ஆறு மாதத்திலேயே காய்க்கத் தொடங்கும். கிளை எளிதில் முறியும் என்பதால் மின்கம்பிக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் தள்ளி நடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும். அடிமரத்தை அடிக்கடி பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பேரன் பேத்தி "பறித்துச் சாப்பிடலாம்" என்று பழகும் தோட்டத்தில் அரளி இருக்கக் கூடாது; இலை, பூ, விதை எல்லாமே விஷம். அடுத்து, தவசிக்கீரை. பலர் வேலியாகவே வைத்திருக்கிறீர்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிடுங்கள், பச்சையாக அரைத்துக் குடிக்க வேண்டாம். 1990-களில் தைவானில் உடல் மெலிவதற்காக அதன் சாற்றைத் தொடர்ந்து குடித்தவர்களில் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

"செடி வைத்தால் கொசு வரும், பாம்பு வரும்" என்று வீட்டில் சொல்வார்கள். கொசு வருவது தேங்கிய தண்ணீரில். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். பாம்பு எலியைத் தேடி வரும். செங்கல், பழைய மரச்சாமான் குவியலை அகற்றுங்கள். சருகைக் கூட்டி வெளியே தள்ள வேண்டாம். காய்கறித் தோலோடு அடுக்கடுக்காகத் துளையிட்ட டிரம்மில் போட்டு மூடினால் இரண்டு மூன்று மாதத்தில் உரம். முதுகு வலி உள்ளவர்கள் இடுப்பு உயரத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டால் குனிய வேண்டியதில்லை.

இதனால் காய்கறிச் செலவு அடியோடு நின்றுவிடும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். கறிவேப்பிலை, கீரை, எலுமிச்சைக்குக் கடைக்குப் போவது குறையும். தண்ணீர் உள்ளே இறங்கும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்குக் காலையில் எழுந்து வெளியே வர ஒரு வேலை இருக்கும். அடுத்த வீட்டுக்கு ஒரு கட்டுக் கீரை கொடுக்கப் போனால், ஒருவர் நலமாக இருக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும். நம் காலனியில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆடிப்பெருக்கு அன்று சங்க அலுவலக வாசலில் விதை, நாற்று, முருங்கைப் போத்து, வாழைக்கன்று மாற்றிக்கொள்ள ஒரு மேஜை போடலாம். விலை வேண்டாம், ஒன்று கொண்டுவந்து ஒன்று எடுத்துப் போகட்டும். டைல்ஸுக்கு முன்பணம் இன்னும் கொடுக்காதவர்கள் அதுவரை பொறுத்திருக்கலாம். கொடுத்துவிட்டவர்கள் மேஸ்திரியைக் கூப்பிட்டு அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.