கைப்பேசியும் நமது கடமையும்

(சாமல்பட்டியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியைக் குறித்தும் சிக்கனத்தைக் குறித்தும் இம்மேடையில் அநேக பிரசங்கங்கள் நிகழ்ந்துள்ளன. அடியேன் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் சிறியதுபோல் தோன்றும். ஆயினும் நம் குடும்பங்களின் ஜீவனத்தைத் தொடுவதாகும். கைப்பேசியாலும் கணினியாலும் உலகம் அடையும் நன்மையை நம்மவரில் பலர் அடையவொட்டாமல் தடுப்பவை எவை, அவற்றை நீக்க நாம் செய்யவேண்டுவது யாது என்பதே அது.

நம்மூர் ஜோலார்பேட்டை–சேலம் ரயில் மார்க்கத்தில் இருக்கிறது. ரயில் வந்த காலத்தில் எழுத்தறியாதாரும் அதில் ஏறிச் சென்றனர். ஏனெனில், ஜன்னலுக்கு அப்பால் ஒரு மனிதர் இருந்தார். ஊர்ப்பெயரைச் சொன்னால் சீட்டுக் கொடுத்தார். இன்றைய வாசல்கள் பலவற்றில் மனிதர் இல்லை. ஒரு திரைதான் உண்டு. ஜாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இணையவழியே மனுச் செய்கிறோம். பொறியியற் கல்லூரிக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியாயிற்று. இவற்றால் பிரயாணச் செலவும் காத்திருப்பும் குறைந்தன என்பதை மறுப்பார் இல்லை. வாசல் நல்லதே, படிதான் உயரம்.

முதற்படி பாஷை. நம் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் கற்று, திரையில் இங்கிலீஷைச் சந்திக்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டாவது, உழைத்துத் தேய்ந்த விரல். அக்காலத்தில் எழுத்தறியாதவர் கைநாட்டு வைத்தார். அதை எவரும் மறுக்கவில்லை. இக்காலத்திலோ களையெடுத்துக் காய்த்த கையின் ரேகையை யந்திரம் ஏற்க மறுப்பதுண்டு. மூன்றாவது, செலவு. நான்காவது, மோசக்காரர்களிடத்தில் உள்ள பயம். அது நியாயமான பயமே.

ஐந்தாவது தடையை நாமே கட்டியிருக்கிறோம். 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்களோ 33 பேரே. ஓசூரை அடுத்த தொழிற்சாலையில் ஐபோனின் பாகங்களைச் செய்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அப்படியிருக்க, நம் வீட்டுப் பெண் கைப்பேசியைக் கையில் எடுத்தால் மானம் போயிற்று என்று பதறுகிறோம். இது தகுமா?

நானறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். நம்மவருள் ஒரு விதவைத் தாய். கூலிவேலை செய்து மகனைப் படிக்கவைப்பவள். அவனது உதவித்தொகைக்கு மனுச் செய்யவேண்டியிருந்தது. ஆதாரில் பதிந்திருந்த எண்ணோ, பணம் கட்டாமையால் முன்னமே நின்றுபோன எண். ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே சென்றது. ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தாள். மூன்று நாட் கூலியும் போயிற்று, கெடுவும் கடந்தது. ஆதார்ப் பதிவு மையத்துக்கு நேரில் சென்று எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்பதை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அலுவலகத்தைக் குறைகூறுதல் எளிது. ஆனால், கனவான்களே, அதே தெருவில் பட்டம் பெற்ற நம் வாலிபர் இருவர் இருந்தனர். கெடுவைப் பற்றிய அறிவிப்பை நமது சங்கமும் வெளியிட்டது, எங்கே? வாட்ஸ்அப்பில்! அக்குழுவில் அவள் இல்லை. அவ்வறிவிப்பை அனுப்பியவன் அடியேனே. அனுப்பியதும் கடமை முடிந்ததென்று உறங்கினேன். அந்த வெட்கமே இன்று என்னைப் பேசச் செய்கிறது.

2025 ஏப்ரல் 30-ல் சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பு ஒன்றை இங்கே நினைவூட்டுகிறேன். அமில வீச்சால் முகம் சிதைந்தோரும் பார்வையற்றோரும் வழக்கிட்டனர். அடையாளம் காட்டுவதற்குக் கண்ணிமைக்கச் சொல்லிற்று யந்திரம். இமைக்க இயலாதவர் என் செய்வர்? இவ்வசதிகளை அடையும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் ஜீவ உரிமையின் பகுதியே என்று கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். ஆகவே நாம் கேட்பது தர்மமன்று, உரிமை.

எனினும் தீர்ப்பு நம் வீட்டு வாசலுக்குத் தானே நடந்து வராது. ஆதலால் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கிறேன். ஞாயிறுதோறும் சங்கக் கட்டிடத்தில் ஒரு மேஜை போட்டு, வாலிபர் இருவர் முறைவைத்து மனு எழுதித் தரட்டும், காசு வாங்கலாகாது. கடவுச்சொல்லை உரியவரே பதியவேண்டும். எழுதித் தருபவரும் கேட்கலாகாது. பணமோசம் நேர்ந்தால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லக் கற்பிக்கவேண்டும். சங்கத்தின் அறிவிப்புகள் காகிதத்திலும் எழுதி ஒட்டப்பட்டு, வீடுதோறும் வாயாலும் சொல்லப்படவேண்டும். மேஜையில் அமரும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருத்தல் அவசியம். தாய்மார் கூசாமல் வருவர்.

இன்னும் ஒன்று. அம்மேஜைக்கு வருபவரை எக்குலம் என்று கேட்கலாகாது. தண்ணீர்ப் பந்தல் வைப்பவர் தாகத்தைப் பார்க்கிறாரேயன்றி ஜாதியைப் பார்ப்பதில்லை.

அந்தத் தாயின் மகன் இவ்வருஷமும் படிக்கிறான். அவளோ கடன் வாங்கியிருக்கிறாள். அடுத்த கெடு வருமுன் அந்த மேஜை போடப்படவேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு அடியேன் வருகிறேன். என்னுடன் அமரப்போகும் சகோதரி யார்?