வறட்சியைத் தாங்கும் வீட்டுத் தோட்டம்
(பத்து காவானில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச வந்த மேடையில் முருங்கையைப் பற்றிப் பேசுகிறோமே என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், ஆனால் கேளுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நம் வட்டாரத்தில் மழை குறைகிறது. ரப்பர் மரம் இலை கொட்டுகிறது, பால் குறைகிறது. கிலோக் கணக்கில் வரும் மேல்காசும் அதோடு இறங்குகிறது. செக்ரோல் எழுதும் கை எங்களுடையது. அந்த மாதங்களின் கணக்கு எங்களுக்குத் தெரியும். அதே நேரத்தில்தான் லயத்துப் பின்புறத்துக் கீரையும் காய்ந்து, காய்கறியைக் கடையில் வாங்கும்படி ஆகிறது.

நாம் செய்யும் முதல் தவறு, வெயிலை மட்டும் நினைத்துச் செடி தேர்ந்தெடுப்பது. பினாங்கில் வறட்சி இரண்டொரு மாதம்; மழையோ செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கிறது. பத்து காவான் கடலோரத் தாழ்நிலம். இங்கே வெயிலில் காய்ந்து சாகிற செடியைவிட வேர் அழுகிச் சாகிற செடி அதிகம். எங்கள் குவார்ட்டர்ஸ் பள்ளத்தில் முருங்கைக் கொம்பு நட்டோம். தமிழ்நாட்டு வறட்சியையே தாங்கும் மரமாயிற்றே என்ற பெருமை வேறு! ஒரே மழைக்காலத்தில் அடி அழுகிப்போயிற்று. மறுமுறை முழங்கால் உயரம் மண்மேடு போட்டு, கொம்புக்குப் பதில் விதை ஊன்றினோம். விதையில் வந்த மரம் ஆணிவேரை ஆழமாக இறக்கும். வெயிலில் அது தானே தண்ணீர் தேடிக்கொள்ளும்.

மரவள்ளியைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாத மலாயாவில் நம் பாட்டன்மார் உயிரைப் பிடித்துவைத்த கிழங்கு அது. மேட்டில் ஒரு சாண் குச்சி போதும். கசக்கிற கிழங்கில் மட்டும் நஞ்சு அதிகம். தோலை நீக்கி, ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சர்க்கரைவள்ளி தரையை மூடி ஈரத்தைக் காக்கும், கொழுந்தும் கறிக்கு ஆகும். வெண்டை, தட்டைப்பயறு, கறிவேப்பிலை மூன்றும் வேர் பிடித்தபின் வெயிலைப் பொறுக்கும். கங்குங்கை வறட்சியில் வளர்க்க முயல்வது வீண்வேலை. பூ வேண்டும் என்ற தாய்மார்களுக்குக் காகிதப்பூ; தண்ணீர் குறைந்தால்தான் அது அதிகம் பூக்கும்!

நடுகிற காலமும் முக்கியம். வெயில் வந்தபின் நட்டால் எந்தச் செடியும் தாங்காது. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ நட்டுவிட்டால், ஜனவரிக்குள் வேர் இறங்கிவிடும். பிறகு மூடாக்கு. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். நம் வருமானத்தைக் குறைக்கும் அதே ரப்பர் இலை காட்டில் குவிந்து கிடக்கிறது. நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரை மாலையில் அடியில் ஊற்றினால் போதும். தினம் சிறிது தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். நான்கு நாளுக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றுங்கள். தண்ணீர் பிடித்த பீப்பாயை மூடி வையுங்கள். டெங்கிக் கொசுவை வளர்த்துவிட்டுக் கீரை தின்று என்ன பயன்?

இன்னொன்று. இந்தப் பத்து காவான் கரும்புக் காடாக இருந்தது. பிறகு ரப்பரும் செம்பனையும் வந்தன. இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. 2014இல் இரண்டாம் பாலமும் திறந்தாயிற்று. நம் ஆட்கள் வெட்டித் திருத்திய மண்ணில் நமக்கென்று எஞ்சியது வீட்டுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலம்தான். ஒரு தோட்டத்தில் அதையும் வேலி போட்டு அடைக்கப் பார்த்தார்கள். காய்த்துக்கொண்டிருந்த வெண்டையைக் காட்டித்தான் நம் கமிட்டி பேசியது, வேலி நின்றது. வெறும் புல் முளைத்த நிலத்துக்கு வாதாடுவது கடினம். ஆகவே வீடு மாற்றும் பேச்சு எங்கே நடந்தாலும், தோட்ட நிலத்தையும் கோரிக்கையில் எழுதிக் கொடுங்கள்.

முருங்கை விதை கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு ஐந்து வீதம் வாங்கிச் செல்லலாம்.